சேப்பாக்கத்தை விட்டுப் போகும் ஆட்டங்கள்

2023 டிசம்பரில் ஐபிஎல் ஏலம் துபாயில் நடந்தது. 2024 நவம்பரில் ஜெத்தாவில், 2025 டிசம்பரில் அபுதாபியில். மூன்று ஆண்டுகளாக நம் வீரர்களின் விலை வளைகுடா நாடுகளில் முடிவாகிறது. ஏலம் போன வழியில் ஆட்டங்களும் போகுமா என்று கேட்பது வீண் ஊகமாகாது. 2009-இல் முழுத் தொடரும், 2014-இல் மூன்றில் ஒரு பங்கும், 2020-இல் மறுபடி முழுத் தொடரும், 2021-இல் பாதிக்கு மேலும் இந்தியாவுக்கு வெளியேதான் ஆடப்பட்டன. அவையெல்லாம் தேர்தலாலும் தொற்றுநோயாலும் நேர்ந்தவை. எந்த நெருக்கடியும் இல்லாத ஆண்டில், வியாபாரத்தை விரிவாக்குவதற்காக வேண்டுமென்றே ஆட்டங்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகலாமா? இனி விவாதிக்க வேண்டியது இதைத்தான்.

இதை விருத்தாசலத்திலிருந்து எழுதுகிறேன். செராமிக் தொழிற்பேட்டை வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் பலருக்கு ஐபிஎல் என்பது செல்போன் திரை, அல்லது டீக்கடை டிவி. "எங்கே ஆடினா என்ன, நாம டிவியிலதானே பாக்குறோம்" என்பது இங்கே சாதாரணமாகக் கேட்கும் பேச்சு. அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஆனால் அதை அப்படியே ஒப்புக்கொண்டால், நம்மைப் போன்ற ஊர்கள் இந்த விளையாட்டிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமலேயே விட்டுவிடுவோம்.

முதலில் 2009. முந்தைய நவம்பரில் மும்பைத் தாக்குதல். மார்ச் 3 அன்று லாகூரில் இலங்கை அணியின் பேருந்து மீது துப்பாக்கிச் சூடு. ஏப்ரல், மே மாதங்களில் மக்களவைத் தேர்தல். அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ப. சிதம்பரம், தேர்தலுக்கும் தொடருக்கும் ஒரே நேரத்தில் துணைப்படைகளை ஒதுக்குவது கடினம் என்ற நிலையை எடுத்தார். தேதியை மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. மார்ச் கடைசியில் இந்தியக் கிரிக்கெட் வாரியம் வெளிநாட்டுக்குப் போக முடிவெடுத்தது. இங்கிலாந்தும் தென் ஆப்பிரிக்காவும் பரிசீலனையில் இருந்தன. இங்கிலாந்தின் ஏப்ரல் மழையும் குளிரும் தென் ஆப்பிரிக்காவுக்குச் சாதகமாயின. ஏப்ரல் 18 அன்று கேப் டவுனில் தொடங்கி மே 24 அன்று ஜோகன்னஸ்பர்கில் தொடர் முடிந்தது. ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசத்தில் எட்டு அணிகளையும் ஒளிபரப்பையும் விளம்பரதாரர்களையும் இன்னொரு கண்டத்துக்கு நகர்த்திக் காட்டியது பெரிய நிர்வாகச் சாதனைதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தத் தொடரின் கால அட்டவணையைப் பாருங்கள். தென் ஆப்பிரிக்கா நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்தங்கியது. நமக்கு இரவு எட்டு மணிக்கு ஆட்டம் வேண்டுமென்றால் அங்கே மாலை நான்கரைக்குத் தொடங்கியாக வேண்டும். நமக்கு மாலை நான்கு என்றால் அங்கே பகல் பன்னிரண்டரை. வேலை நாளின் நடுவே அந்த ஊர்க்காரர்கள் மைதானத்துக்கு வர வேண்டியிருந்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் இதே கதை. நமக்கு ஏழரை, அங்கே ஆறு. ஆட்டம் எந்த நாட்டில் நடந்தாலும் கடிகாரம் இந்திய டிவியின் கடிகாரமாகவே இருந்தது. வெளிநாட்டு ரசிகர்களைத் தேடிப் போகிறோம் என்று சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் வைத்தால் விருத்தாசலத்தில் விடிகாலை நான்கரை. ஐபிஎல் வருமானத்தைத் தருகிறவன் இந்தியப் பார்வையாளன் என்கிற வரையில், அந்த ஊர் ரசிகனுக்கு உகந்த நேரத்தில் ஆட்டம் வைக்க எந்த ஒளிபரப்பு நிறுவனமும் சம்மதிக்காது.

பணத்தின் கதை அதைவிட நீளமானது. 2009 தொடருக்காக ரிசர்வ் வங்கியின் உரிய அனுமதி இல்லாமல் சுமார் 243 கோடி ரூபாய் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது என்று அமலாக்கத் துறை வழக்கெடுத்தது. 2018-இல் வாரியம், பொறுப்பில் இருந்தவர்கள் உள்ளிட்டோருக்குச் சேர்த்து 121 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. விருந்தளித்த நாட்டிலும் அமைதி இல்லை. தொடரை நடத்தியதற்கான ஊக்கத்தொகையை ஊதியக் குழுவுக்குத் தெரியாமல் பெற்றுக்கொண்ட விவகாரத்தில், தென் ஆப்பிரிக்க வாரியத்தின் தலைமை நிர்வாகி ஜெரால்டு மஜோலா, நீதிபதி நிக்கல்சன் விசாரணைக்குப் பிறகு 2012-இல் பதவி இழந்தார். அவசரமாக நாடு கடக்கும் பணத்துக்குக் கணக்கு கேட்பவர்கள் இரு கரையிலும் குறைந்துபோகிறார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இன்னும் பழைய சான்று ஷார்ஜா. 1998 ஏப்ரலில் டெண்டுல்கர் அங்கே அடுத்தடுத்து அடித்த இரண்டு சதங்களை நாற்பது வயதைத் தாண்டிய யாரும் மறக்கவில்லை. இந்தியாவும் பாகிஸ்தானும் பொது மைதானம் ஒன்றில் சந்திக்க அந்தப் பாலைவன நகரம் பெரிதும் உதவியது. ஆனால் சூதாட்டப் புகார்கள் வெடித்தபின், 2001-இல் இந்திய அரசு ஷார்ஜா, சிங்கப்பூர், டொராண்டோ போன்ற இடங்களில் நம் அணி ஆடுவதற்குத் தடை போட்டது. உள்ளூர் அணி இல்லாத மைதானத்தில் தொலைக்காட்சிக்காக மட்டும் நடக்கும் தொடர்களுக்கு, தோற்றால் கோபப்படவும் சந்தேகம் வந்தால் கேள்வி கேட்கவும் ஓர் ஊர் இருப்பதில்லை. சூதாட்டம் சொந்த மண்ணிலும் நடக்கும். 2013 ஐபிஎல் தொடரில் நாமே பார்த்தோம். ஆனாலும் அப்போது கேள்வி கேட்க நீதிமன்றம் இருந்தது, சென்னைக்கும் ராஜஸ்தானுக்கும் இரண்டாண்டுத் தடை விதிக்கும் அளவுக்கு விசாரணை போனது.

உலக அனுபவம் பலவிதம். வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக் 1997-லேயே தன் பருவத்தின் முதல் ஆட்டங்களை டோக்கியோவில் வைத்தது. பிறகு லண்டன், ப்ராக், ஸ்டாக்ஹோம், ஹெல்சிங்கி. அங்கே ஒரு நியாயம் இருந்தது. அந்த லீக்கில் ஆடும் ஸ்வீடன், பின்லாந்து, செக் வீரர்களின் சொந்த ஊர் மக்கள் நள்ளிரவு விழித்து டிவி பார்ப்பதே வழக்கம். அவர்கள் கண்ணெதிரே தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அமெரிக்கக் கால்பந்து 2005-இல் மெக்சிகோ நகரில் முதல் முறையாக நாட்டுக்கு வெளியே லீக் ஆட்டம் வைத்தபோது ஒரு லட்சத்துக்கும் மேலானோர் திரண்டார்கள். 2007 முதல் லண்டன் அதன் நிரந்தர நிறுத்தமாகிவிட்டது.

ஐரோப்பியக் கால்பந்தில் நிலைமை வேறு. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் 2008-இல், 38 ஆட்டங்களோடு முப்பத்தொன்பதாவதாக ஒன்றைச் சேர்த்து வெளிநாட்டில் ஆடலாம் என்றது. ரசிகர்கள் கொதித்தெழுந்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. வில்லாரியல், பார்சிலோனா ஆட்டத்தை 2025 டிசம்பரில் மயாமியில் நடத்த ஸ்பெயின் லீக் முயன்றபோது, வீரர்களே ஆட்டத் தொடக்கத்தில் சில விநாடிகள் அசையாமல் நின்று எதிர்ப்பைக் காட்டினார்கள். அதே ஆண்டு அக்டோபரிலேயே அந்த ஆட்டம் ரத்தானது. அமெரிக்க லீக்குகளில் அணிகளே நகரம் விட்டு நகரம் மாறுவது உண்டு, ரசிகர்கள் அதற்குப் பழகியவர்கள். ஐரோப்பாவில் அணி என்பது நூறாண்டாக ஓர் ஊரின் சொத்து. மூத்த ஐபிஎல் அணிகளுக்கே பதினெட்டு வயதுதான் ஆகிறது. முதலாளிகளின் கணக்கில் அவை அமெரிக்க வகை, ரசிகர்களின் மனதில் ஐரோப்பிய வகை. இந்தப் பிளவிலிருந்துதான் நம் சிக்கல் முழுவதும் வருகிறது.

இங்கே பாகிஸ்தானையும் பார்க்க வேண்டும். அந்த நாட்டின் சூப்பர் லீக் 2016-இல் முழுக்க முழுக்க அமீரகத்தில் பிறந்தது. லாகூர் தாக்குதலுக்குப் பின் பெரும்பாலான அணிகள் வர மறுத்ததால் வேறு வழியில்லை. 2017-இல் இறுதி ஆட்டத்தை மட்டும் லாகூருக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு ஆண்டுக்குச் சில ஆட்டங்களாகக் கூட்டி, 2020-இல்தான் முழுத் தொடரையும் சொந்த நாட்டில் தொடங்க முடிந்தது. பெஷாவர், குவெட்டா என்று ஊர்ப் பெயர் தாங்கிய அணிகள் ஆண்டுக்கணக்கில் அரைகுறையாக நிறைந்த துபாய் அரங்கில் ஆடியதை அந்த நாட்டு ரசிகர்கள் ஒரு நாடுகடத்தலாகவே உணர்ந்தார்கள். ஒரு நாடு நான்காண்டு பாடுபட்டுத் திரும்பிவந்த வழியில் நாம் விரும்பிப் போவதா?

சென்னையின் கணக்கை எடுத்தால் நாடுகடத்தல் என்ற சொல் நமக்கும் பொருந்தும். 2008 முதல் 2022 வரை சென்னை சூப்பர் கிங்ஸ் ஆடியது 13 பருவங்கள். தடைக்காலமான 2016, 2017 நீங்கலாக. அவற்றில் 2009 தென் ஆப்பிரிக்கா. 2014-இல் முதல் கட்டம் அமீரகம்; இந்தியா திரும்பிய பிறகும் சேப்பாக்கத்தின் மூன்று பார்வையாளர் மாடங்களுக்கு அனுமதி கிடைக்காத சிக்கலால் ராஞ்சி. 2018-இல் ஒரே ஒரு ஆட்டம் சேப்பாக்கத்தில், மீதி புனேயில். 2020 அமீரகம். 2021-இல் சொந்த ஊரில் எந்த அணியும் ஆடாத பொது மைதான ஏற்பாடு, பிறகு மீண்டும் அமீரகம். 2022 முழுக்க மகாராஷ்டிரம். 13-இல் ஆறு பருவங்கள் சொந்த மைதானம் இல்லாமலோ, ஒரே ஆட்டத்தோடோ போயின. 2019 மே மாதத்துக்குப் பிறகு சென்னை அணி சேப்பாக்கத்தில் மறுபடி ஆடியது 2023 ஏப்ரல் 3 அன்று.

இதனால் அணி கெட்டுப்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். புனேயில் ஆடிய 2018-இலும், துபாயில் முடித்த 2021-இலும் கோப்பையை வென்றது இதே அணி. ஆட்டத் திறனுக்குச் சொந்த மைதானம் இன்றியமையாதது என்ற வாதத்தை என்னால் முழு மனதோடு வைக்க முடியாது. இழப்பு வேறிடத்தில் நேர்ந்தது. வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் மஞ்சள் பனியனும் விசிலும் விற்கிறவர்கள், முகத்தில் கொடி வரைகிறவர்கள், மைதான ஊழியர்கள் ஆகியோருக்கு ஓர் ஆட்டம் போனால் அந்த நாளின் வருமானம் போகிறது. பத்து வயதில் அப்பாவோடு முதன்முதலாக மேட்ச் பார்க்கப் போயிருக்க வேண்டிய பிள்ளைக்கு அந்த வயது திரும்ப வராது.

2018-ஐ இன்னும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது கடல் தாண்டாத வெளிநாடு. காவிரி மேலாண்மை வாரியம் கேட்டு மாநிலமே கொந்தளித்த நேரம். ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் மைதானத்துக்குள் செருப்பு வீசப்பட்டது. மறுநாளே ஆட்டங்களை வெளியூருக்கு மாற்றும் முடிவு வந்தது. டெல்டாவின் ஓரத்தில் வாழும் எங்களுக்கு அந்தப் போராட்டம் வேடிக்கைச் செய்தியாக இருக்கவில்லை. குறுவைக்குத் தண்ணீர் இல்லாத வீடுகள் எங்களைச் சுற்றி இருந்தன. விளையாட்டை நிறுத்துவதுதான் வழியா என்று அப்போதும் கேள்வி இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அதன்பின் நடந்ததை எந்த ஆய்வும் விட்டுவிடக் கூடாது. 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்த தனி ரயிலில் ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்கள் சென்னையிலிருந்து புனே போனார்கள். ஒரு நாள் பயணம் செய்து இன்னொரு மாநிலத்தில் 'சொந்த' ஆட்டம் பார்த்தார்கள். டிவி இருக்கிறதே, எங்கே ஆடினால் என்ன என்ற பேச்சுக்கு அந்த ரயில் பெட்டிகள் பதில் சொல்லிவிட்டன.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் புலம்பெயர்ந்தவர்கள். அதை எளிதில் தள்ள முடியாது, தள்ளவும் கூடாது. கடலூர் மாவட்டத்தில் வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ ஒருவர் வேலை செய்யாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு முறை விடுப்பில் வருகிறவருக்கு அந்த விடுப்பு ஏப்ரலில் விழுந்தால்தான் சேப்பாக்கம். 2014-இல் ஷார்ஜாவிலும் துபாயிலும் அபுதாபியிலும் அரங்குகள் நிறைந்தன என்றால் நிறைத்தவர்களில் இவர்களும் உண்டு. 2009-இல் டர்பனில் சென்னை ஆடியதற்கு இன்னும் ஆழமான பொருள் இருந்தது. 1860-இல் மதராஸிலிருந்து கிளம்பிய ட்ருரோ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போய் இறங்கியவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் நகரம் அது. சென்னை என்ற பெயர் தாங்கிய அணியை அவர்கள் தங்கள் ஊரில் பார்த்தார்கள். இந்த மகிழ்ச்சிக்கு எதிராக வாதிட எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அந்த மகிழ்ச்சிக்கு லீக் ஆட்டம்தான் தேவையா? பருவம் தொடங்கும் முன் காட்சி ஆட்டங்கள் போதும். 2019 அக்டோபரில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக் மும்பைக்கு வந்தது. சாக்ரமெண்டோவும் இண்டியானாவும் இரண்டு முறை மோதின, இரண்டும் பருவத்துக்கு முந்தைய ஆட்டங்கள். புரோ கபடியும் 2024 டிசம்பரில் மெல்போர்னில் காட்சி ஆட்டங்களையே வைத்தது. புள்ளிப் பட்டியலைத் தொடாமல், யாருடைய சொந்த ஆட்டத்தையும் பறிக்காமல் செய்யக்கூடிய காரியம் இது. மார்ச் முதல் வாரத்தில் ஷார்ஜாவிலோ டர்பனிலோ சென்னையும் இன்னொரு அணியும் இரண்டு ஆட்டம் ஆடட்டும். டிக்கெட்டில் ஒரு பங்கைத் தொழிலாளர் முகாம்களுக்கு ஒதுக்கட்டும். நானே வரவேற்பேன்.

வியாபார விரிவாக்கத்துக்கு முதலாளிகள் ஏற்கெனவே வேறு பாதை போட்டுவிட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். ஜோபர்க் சூப்பர் கிங்ஸ், டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் இரண்டும் 2023-இல் களம் இறங்கின. தென் ஆப்பிரிக்க லீக்கின் ஆறு அணிகளும் ஐபிஎல் முதலாளிகளிடம்தான் இருக்கின்றன. சன் குழுமம் இங்கிலாந்தின் லீட்ஸ் அணியை முழுதாக வாங்கியிருக்கிறது. பெயரும் முதலீடும் வெளிநாடு போகின்றன, ஆட்டம் இங்கேயே இருக்கிறது. எங்கள் ஊர்த் தொழிலை வைத்துச் சொன்னால், சரக்கை எந்தத் துறைமுகத்துக்கும் அனுப்பலாம், சூளையைப் பெயர்த்து அனுப்ப முடியாது.

நெருக்கடிக் காலத்துக்கு மட்டும் கதவு திறந்திருக்கலாம். அதுவும் கடைசிக் கதவாக. 2019-லும் 2024-லும் மக்களவைத் தேர்தல் நடந்தது. அட்டவணையை வெட்டி ஒட்டி இரண்டு தொடர்களையும் முழுமையாக இந்தியாவிலேயே முடித்தார்கள். 2025 மே மாதம் எல்லையில் சண்டை மூண்டு தர்மசாலா ஆட்டம் பாதியில் நின்றது. வெளிநாட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு எழுந்தும், பத்து நாளுக்குள் ஆறு நகரங்களில் தொடரை மீண்டும் தொடங்கினார்கள். 2009-இல் இயலாது என்று தோன்றியது இப்போது இயல்கிறது. இனி தேர்தலைக் காரணம் காட்டி யாரும் விமானம் ஏற முடியாது.

இனி எங்கள் ஊர் விஷயம். விருத்தாசலத்திலிருந்து எழும்பூர் ரயிலில் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஏழரை மணி ஆட்டம் முடியப் பதினொன்று, பதினொன்றரை. அதற்குள் தெற்கே வரும் இரவு ரயில்களில் பெரும்பாலானவை கிளம்பிப் போயிருக்கும். சேப்பாக்கத்தில் 2024, 2025 பருவங்களில் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாயாக இருந்தது, அதுவும் இணையத்தில் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். இங்கே தினக்கூலிக்குப் பொம்மை அச்சு வார்க்கிறவருக்கு அது ஒரு நாள் கூலிக்கும் மேல். அவரைப் பொறுத்தவரை சேப்பாக்கமும் ஒரு வெளிநாடுதான். ஆகவே அவர் "எங்கே ஆடினா என்ன" என்று சொல்வதில் அலட்சியம் இல்லை. அவரைத் தேடி இதுவரை யாரும் வரவில்லை.

வர முடியும் என்பதைத் தமிழ்நாடு பிரீமியர் லீக் காட்டிவிட்டது. 2016 முதல் அந்த ஆட்டங்கள் நத்தத்துக்கும் திருநெல்வேலிக்கும் போயின. பிறகு சேலம் வாழப்பாடிக்கும் கோவைக்கும் போயின. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜனும், சுழற்பந்தால் வியக்கவைத்த வருண் சக்கரவர்த்தியும் ஐபிஎல் கண்ணில் பட்டதற்கு இந்த லீக் பெரிய காரணம். ஆனால் அதன் எட்டு அணிகளில் கடலூர் மாவட்டத்தின் பெயரில் ஒன்றுகூட இல்லை. முக்கால் மணி நேரத் தொலைவில் நெய்வேலியில் பாரதி விளையாட்டரங்கம் இருக்கிறது. புதுச்சேரி எல்லையில் துத்திப்பட்டில் ரஞ்சி ஆட்டங்கள் நடக்கும் மைதானம் இருக்கிறது. இந்தியக் கிரிக்கெட் வாரியம் 2015 முதல் ஐபிஎல் ஆட்டம் நடக்காத நகரங்களில் பெரிய திரை கட்டி ரசிகர் பூங்கா நடத்துகிறது; நல்ல காரியம், ஆனாலும் திரை திரைதான்.

ஐபிஎல் விதிகளே இரண்டாவது சொந்த மைதானத்துக்கு இடம் தருகின்றன. ராஜஸ்தான் குவாஹாட்டியில் ஆடுகிறது. பஞ்சாப் தர்மசாலாவுக்கு ஏறுகிறது. டெல்லி விசாகப்பட்டினத்துக்கு வந்து ஆடியிருக்கிறது. சென்னை அணியோ தமிழ்நாட்டுக்குள் சேப்பாக்கத்தைத் தாண்டி ஓர் ஆட்டமும் ஆடியதில்லை. ஒளிவிளக்கு வசதியும் வீரர்கள் தங்கும் விடுதியும் விமான நிலையமும் இல்லாத இடத்தில் ஐபிஎல் நடத்த முடியாது என்பது உண்மை. ஆனால் மதுரையில் விமான நிலையம் உண்டு; சிந்தாமணியில் 2025 அக்டோபரில் தோனி திறந்துவைத்த வேலம்மாள் மைதானமும் உண்டு. கோவையில் பெரிய அரங்கம் கட்டும் அறிவிப்பு வந்திருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து மதுரைக்குப் பகலிலும் இரவிலும் ரயில் உண்டு.

முடிவெடுக்கும் நேரம் தொலைவில் இல்லை. 2023 முதல் 2027 வரையிலான ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது. அதில் பேசப்பட்ட 410 ஆட்டங்கள், ஆண்டுக்கு 74-இல் தொடங்கி 94 வரை ஏறும் கணக்கு. பத்து அணிகளும் ஒவ்வொன்றோடும் உள்ளூரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று ஆடினால் லீக் ஆட்டம் 90, பிளே ஆப் 4, ஆக 94. அப்போது ஓர் அணியின் சொந்த ஆட்டங்கள் ஏழிலிருந்து ஒன்பதாகும். கூடுதலாக வரும் அந்த இரண்டு ஆட்டங்கள்தான் இங்கிலாந்து 2008-இல் கனவு கண்ட முப்பத்தொன்பதாவது ஆட்டம் போன்றவை. யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லையே என்று சொல்லி வெளிநாட்டுக்கு விற்க மிகவும் வசதியானவை. அடுத்த ஒப்பந்தம் எழுதப்படும்போது சென்னை அணியின் அந்த இரண்டு ஆட்டங்களுக்கு நேரே மதுரை என்றோ கோவை என்றோ எழுதும்படி மாநிலக் கிரிக்கெட் சங்கமும், விளையாட்டுத் துறையும், இத்தனை ஆண்டுகள் ரீசார்ஜ் செய்து பார்த்த நாமும் இப்போதே கேட்கத் தொடங்க வேண்டும்.